இறகுத் தூசி

கிளிக்கடை அக்கா மறுபடியும் ஆள் வைத்துச் சுவரை உடைக்கிறாள் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருடத்தில் கடையை மாற்றிக் கட்டுவது இது ஐந்தாவது தடவை. முதலில் காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறிகள் வந்தன. அப்புறம் தரை முழுக்க டைல்ஸ். அதற்கப்புறம் கடைக்குப் பின்னால் ஒரு குளியலறை. கிளிகள் குளிக்கவா என்று கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த வருடம் கூரையோரமாகத் தகரக் குழாய்கள் ஓடின, அவற்றின் முனையில் பீரோ உயரத்துக்கு ஒரு காற்று வடிகட்டும் இயந்திரம் வந்து நின்றது. இப்போது முன்சுவர்.

பக்கத்துக் கடை மீன்தொட்டிக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. செங்கல் தூளுக்குத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"ஏன்க்கா, இது பறவைக்கடையா, ஆபரேஷன் தியேட்டரா? என் வீட்டு ஹாலைவிட உங்க கிளி இருக்கிற இடம் நல்லா இருக்கு. ஒரு கூண்டு வாடகைக்குக் குடுங்க, நானும் வந்து படுத்துக்கறேன்."

"உங்களுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது," என்றாள் அக்கா.

கொத்தனார் சிரித்தார். மீன்தொட்டிக்காரரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெஜமாத்தான் கேக்கறேன். வியாபாரம் நல்லாத்தானே ஓடுது. வர்றதையெல்லாம் சுவத்துலயும் குழாயிலயும் போட்டுட்டே இருந்தா எப்படி?" என்றார்.

அக்கா கொத்தனார் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. வேறு ஊர்களிலிருந்து பறவை வளர்ப்பவர்கள் வருவார்கள், விசிறிகளை அண்ணாந்து பார்ப்பார்கள், "உங்க கடையில மட்டும் குஞ்சு சாகறதே இல்லையாமே, எப்படி?" என்று கேட்பார்கள். "காத்து நல்லா இருக்கணும், அவ்வளவுதான்," என்பாள். அவளைப் பெரிய வியாபார மூளைக்காரி என்று நினைத்துக்கொண்டு அவர்கள் போவார்கள்.

உண்மையில் அந்தக் கடையே அவள் ஆசைப்பட்டு வைத்ததல்ல. தங்கைக்காக வைத்தது.

வீட்டில் பெண்கள் இரண்டு பேர். அம்மா போனபோது பெரியவளுக்குப் பத்தொன்பது, சின்னவளுக்குப் பதின்மூன்று. அப்பா அதற்கு முன்பே இல்லை. பெரியவள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை விரித்துக் காட்டும் வேலைக்குப் போனாள். சின்னவளுக்கு வாய் கிடையாது. யாராவது பெயர் கேட்டால்கூட அக்கா முகத்தைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், மருந்துக்கடையில், எங்கே போனாலும் அவளைக் கேட்ட கேள்விக்குப் பெரியவள்தான் பதில் சொல்வாள். அது அப்படியே பழகிப்போயிற்று.

சின்னவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது. பதினோரு மாதம். ஒருநாள் மத்தியானம் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. பெரியவளும் தோண்டித் துருவவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நான்கைந்து மாதம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. சின்னவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

மாடிவீட்டுக்காரர்கள் வீடு மாற்றிப் போகும்போது எடுத்துப்போக முடியாத சாமான்களை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார்கள். இவர்கள் பங்குக்கு வந்தது ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸ், துருப்பிடித்த கூண்டோடு. மூன்றாம் நாள் பெரியவள் வேலை முடிந்து படியேறும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். கதவைத் திறந்தால் சின்னவள் கூண்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நீ மட்டும் தின்னா எப்படி, அவளுக்கும் கொஞ்சம் விடு," என்று ஆண்பறவையைக் கண்டித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்று அழுதாள்.

இரண்டு ஆறானது. ஆறு இருபதானது. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்தது. பெரியவள் துணிக்கடை வேலையை விட்டாள். வருகிறவர்களிடம் பேசுவது அவள் வேலை. பறவைகள் சின்னவள் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் சின்னவளை மிஞ்ச ஆளில்லை. கடைக்குப் பின்னால் எட்டடி அறை ஒன்று உண்டு. அங்கேதான் குஞ்சுகள். கண் திறக்காத காக்டெயில் என்னும் கொண்டைக்கிளிக் குஞ்சுகளைத் துணி விரித்த டப்பாக்களில் வைத்து, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வெதுவெதுப்பான கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து ஊட்டுவாள். கழுத்துக்குக் கீழே தீனிப்பை உப்பி வருவதை விரலால் தொட்டுப் பார்த்தே போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். கையில் வளர்ந்த பறவைக்குத் தனி கிராக்கி. குஞ்சுகளுக்குக் குளிர்காற்று ஆகாதென்று அந்த அறையின் ஒரே ஜன்னலையும் பலகை வைத்து அடித்து மூடினார்கள். ஆணி அடித்தவள் பெரியவள்தான்.

காக்டெயிலின் உடம்பில் மாவு போல ஒரு வெள்ளைத் தூள் உண்டு. அது சிறகை உதறினால் வெளிச்சத்தில் புகை மாதிரித் தெரியும். சாயங்காலம் சின்னவள் வெளியே வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். "மாவு மில்லுல இருந்து வந்துட்டாங்கப்பா," என்று பெரியவள் கேலி செய்வாள். சின்னவள் தலையை உதறிச் சிரிப்பாள்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று பெரியவளால் பின்னால் எவ்வளவு யோசித்தும் நினைவுகூர முடியவில்லை. வறட்டு இருமல். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், உடம்பு வலி. காலையில் சரியாகிவிடும். வெயில், மழை, ஐஸ் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிப் பார்த்தார்கள். கடை ஆரம்பித்துப் பதினாலு வருடம் ஆனபோது, இருமல் அடங்காமல், பெரியவள் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள்.

வெளியே இருபது முப்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்ல நாய், பூனை, பறவை ஏதாவது இருக்கா?"

"வீட்ல ஒண்ணும் இல்லீங்க டாக்டர்," என்றாள் பெரியவள்.

"என்ன வேலை பண்றாங்க?"

"கடை வச்சிருக்கோம்."

என்ன கடை என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்துமா மாதிரி இருக்கிறது என்று சொல்லி மூச்சோடு இழுக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வீட்டில் ஒரு பறவையும் இல்லை. எல்லாம் கடையில் இருந்தன. ஆனால் அவர் எதைக் கேட்கிறார் என்று பெரியவளுக்குத் தெரியாமல் இல்லை. போன வாரம்தான் பக்கத்து அறையையும் சேர்த்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. பறவைகளிடமிருந்து பிரித்தால் இவள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளோ? சின்னவள் பக்கத்து நாற்காலியில் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, வழக்கம்போல, அக்கா பேசட்டும் என்று இருந்தாள்.

அந்த வருடம் சித்தி வீட்டு விசேஷத்துக்குச் சின்னவள் மட்டும் போய்ப் பத்து நாள் தங்கினாள். "உன் தங்கச்சி நல்லாத்தானே இருக்கா, ஒரு தடவைகூட இருமல," என்று சித்தி போனில் சொன்னாள். "ஓய்வா இருக்கால்ல சித்தி, அதான்," என்றாள் பெரியவள். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கையில் தினை டப்பாவோடு அப்படியே நின்றாள். திரும்பி வந்த மறுநாள் சாயங்காலமே இருமல் வந்துவிட்டது. பயண அலைச்சல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இப்படியே இரண்டு வருடம். சின்னவள் இளைத்தாள். விரல் நுனிகள் உருண்டு தடித்தன. வீட்டுப் படி பதினாலு. ஏழாவது படியில் ஒரு முறை உட்கார்ந்துதான் ஏறுவாள். கடைசியில் நுரையீரலுக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் போனார்கள். இளவயதுப் பெண். சின்னவளின் கையை வாங்கி நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எட்டி, அவள் பின்னலிலிருந்து எதையோ எடுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி இறகு.

"இது என்ன?"

பெரியவள் வாயைத் திறந்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இருங்க. அவங்க சொல்லட்டும்."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அப்புறம் இறகைப் பார்த்தாள். "காக்டெயில், டாக்டர். பொட்டை. போன வாரம்தான் அதுக்கு இறகு கொட்ட ஆரம்பிச்சுது," என்றாள்.

"எத்தனை பறவை இருக்கு?"

அதற்குப் பிறகு சின்னவள் பேசியதுபோல் அவள் வாழ்நாளில் ஒரு அந்நியரிடம் பேசியதில்லை. காக்டெயில் எத்தனை ஜோடி, ஃபின்ச் குருவி எத்தனை, எந்தக் குஞ்சு இரண்டாவது வேளை ஊட்டும்போது அடம் பிடிக்கும், எந்தப் பறவை அவள் தோளில் உட்கார்ந்துதான் தூங்கும், மூச்சு வாங்க வாங்க, நடுநடுவே நிறுத்தி, கண் மின்ன எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். முடித்தபோது சின்னவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. பெரியவள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அங்கே அது இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். பறவைத் தூசி வருடக்கணக்கில் உள்ளே போய், அதை எதிர்த்துப் போராடியே நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். எல்லாருக்கும் இப்படி வராது, சிலர் உடம்புக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. ஆரம்பத்திலேயே விலகியிருந்தால் பெரும்பாலும் தேறியிருக்கலாம். இறுகியது இனி இளகாது. மேற்கொண்டு இறுகாமல் பார்க்கலாம், அதுவும் நிச்சயமில்லை.

"ரெண்டு வருஷமா ட்ரீட்மென்ட் எடுக்கறீங்களே, பறவை இருக்கான்னு யாருமே கேக்கலையா?"

"கேக்கலீங்க," என்றாள் பெரியவள்.

இந்த முறை அது பொய். சின்னவள் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள், "கடையை வித்துடறேன்," என்றாள்.

"வித்து?"

"வித்துட்டு வேற ஏதாவது பாத்துக்கலாம். திரும்பத் துணிக்கடைக்குப் போறேன்."

"அதுங்களை யாரு வாங்குவா? மொத்தமா வாங்கறவன் அடைச்சு அடைச்சு வச்சுக் கொன்னுடுவான்." சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் வரலக்கா. வரவே மாட்டேன். ஆனா அதுங்க அங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அப்போது ஆரம்பித்ததுதான் இந்தச் செலவெல்லாம். முதல் வேலையாகப் பின்னறை ஜன்னல் பலகையைப் பெரியவள் தன் கையாலேயே பெயர்த்தாள். ஆணி துருப்பிடித்து உள்ளே ஒடிந்தது. பிறகு விசிறிகள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும் என்று ஈரத்துணியால் துடைக்க வசதியாக டைல்ஸ். தன் உடம்பிலும் துணியிலும் ஒட்டி வருகிற தூசிகூடத் தங்கைக்கு விஷம் என்று தெரிந்ததும் அந்தக் குளியலறை. தினமும் கடையை மூடிவிட்டு அங்கே தலைக்குக் குளித்து, வேறு துணி மாற்றி, கடைச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். கூண்டு கழுவ ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தாள். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அம்மா, சுறுசுறுப்பானவள். முகமூடி இல்லாமல் பெரியவள் அவளை உள்ளே விடமாட்டாள். "மூச்சு முட்டுதுக்கா," என்று அந்தப் பெண் புலம்பினால், "முட்டட்டும்," என்பாள்.

ஒவ்வொரு இயந்திரம் வந்ததும் டாக்டரிடம் போய்க் கேட்பாள். "இப்ப ரொம்ப சுத்தமா இருக்குங்க. முகமூடி போட்டு ஒரு அரைமணி நேரம் கூட்டிட்டுப் போகலாமா?"

"எவ்வளவு சுத்தம் பண்ணாலும் வேணாம்மா."

"பத்து நிமிஷம்?"

"வேணாம்மா."

டாக்டர் அலுத்துக்கொள்ளவில்லை. அவள்தான் ஒவ்வொரு முறையும் படியிறங்கும்போதே அடுத்து எதை மாற்றலாம் என்று யோசிப்பாள். இதற்கிடையில் கடை தானாக வளர்ந்தது. காற்று சுத்தமானதும் பறவைகள் நோய் நொடி இல்லாமல் தளதளவென்று இருந்தன. நல்ல கடை என்று பெயர் பரவி, பறவை வேண்டியவர்கள் தேடி வந்தார்கள். ஒவ்வொரு பாராட்டும் பெரியவளைக் குத்தியது. இதில் பாதியைப் பத்து வருடம் முன்னால் செய்திருக்கலாமே என்றுதான் அவளுக்குக் கேட்கும்.

அந்த முன்சுவரை உடைத்தது எதற்கென்று மீன்தொட்டிக்காரருக்கு ஒரு மாதத்தில் தெரிந்தது. தெருப் பக்கமாகத் தனிக் கதவு, தனிக் காற்றோட்டம், கடைக்கும் அதற்கும் நடுவில் துளிகூட இடைவெளி இல்லாத தடித்த கண்ணாடி. ஒரு நாற்காலி போடும் அளவுக்கு ஓர் அறை. டாக்டர் நேரில் வந்து விளிம்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "இது சரி," என்றார்.

சின்னவளை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். உட்கார்ந்ததும் முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது. உள்ளே விளக்கைப் போட்டார்கள். மூன்று வருடமாகப் பார்க்காத பறவைகள். தோளில் தூங்குகிற அந்தப் பழைய காக்டெயில் கம்பியில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. கொண்டையை விரித்துத் தலையைச் சாய்த்தது. சின்னவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். "கிழவி ஆயிட்டியேடி," என்றாள். மீன்தொட்டிக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தன் கடைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. வெயில் நேரத்தில் கேட்காமலே ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

ஐந்து மாதம் அப்படி வந்தாள். தினம் இரண்டு மணி நேரம். குஞ்சு டப்பாக்களைக் கண்ணாடியோரம் வைக்கச் சொல்லி, உள்ளே கூண்டு கழுவும் பெண்ணுக்குப் போனில் பாடம் நடத்துவாள். "அந்த மூணாவதுக்கு இன்னும் காலியாகல, இப்ப ஊட்டாத. கூழைக் கையில தொட்டுப் பாத்தியா?" அந்தப் பெண் உள்ளேயிருந்து தலையாட்டுவாள்.

ஆறாவது மாதம் ஆட்டோவில் உட்காரவும் முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒருநாள் காலையில் பெரியவள் அவள் கால்நகங்களை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"முதல் டாக்டர் கேட்டாரு. பறவை இருக்கான்னு. நான் இல்லன்னேன்."

"தெரியுமே. பக்கத்துலதானே இருந்தேன்."

"நீ ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

சின்னவள் வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "சித்தி வீட்ல பத்து நாள் இருமல் வரலயே. எனக்கும் அப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா. சொன்னா அங்க விடமாட்டாங்கன்னுதான் நானும் வாயத் திறக்கல. நீ மட்டும் இல்ல."

அது உண்மைதானா, அல்லது அக்காவின் பாரத்தில் பாதியை இறக்கிவைக்கச் சொன்னதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. மீதி நகங்களை வெட்டி முடித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், பெரியவள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தபோது, சின்னவள் போய்விட்டாள்.

இனி இந்த அம்மாள் செலவை நிறுத்திவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கடையையே மூடினாலும் மூடுவாள் என்றார்கள். பதினைந்து நாள் கழித்து வந்து ஷட்டரைத் தூக்கினாள். கண்ணாடி அறையை என்ன செய்வதென்று தெரியாமல் பூட்டி வைத்தாள்.

அந்த மழைக்காலத்தில் கூண்டு கழுவும் பெண்ணுக்கு இருமல் வந்தது. இரண்டு முறை இருமியதும் பெரியவள் கையிலிருந்த வேலையைப் போட்டாள். "கிளம்பு."

"சளிக்கா. என் சின்னவளுக்கு வந்துச்சு, எனக்கு ஒட்டிக்கிச்சு."

"கிளம்புன்னா கிளம்பு."

அதே டாக்டர். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பெரியவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். "பறவைக்கடைங்க டாக்டர். தினம் எட்டு மணி நேரம். மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. காக்டெயில் நாப்பது இருக்கு. முகமூடி போடறா, சில நேரம் கழட்டிடறா." கொஞ்சம் நிறுத்தினாள். "என் தங்கச்சிக்கும் கேட்டாங்க டாக்டர். முதல்ல பாத்தவரு கேட்டாரு. வீட்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னது நான். உங்ககிட்ட யாரும் கேக்கலன்னு சொன்னதும் பொய்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கூண்டு கழுவும் பெண் தரையைப் பார்த்தாள்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்மா," என்றார் டாக்டர் மெதுவாக. "அதை நான் மாத்திச் சொல்ல முடியாது."

"மாத்திச் சொல்ல வேணாங்க."

டாக்டர் அந்தப் பெண்ணின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஊதச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார். வெறும் சளிதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னார். வெளியே வந்ததும் அந்தப் பெண், "நான் இனிமே கழட்ட மாட்டேன்க்கா," என்றாள். பெரியவள் தலையாட்டினாள்.

இப்போது யார் பறவை வாங்க வந்தாலும் பெரியவள் முதலில் ஒரு கேள்வி கேட்கிறாள். வீட்டில் யாருக்காவது இருமல், மூச்சு வாங்குவது ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்றால் தருவதில்லை. இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சென்ற வாரம் குஞ்சு அறையில் கூழ் ஊட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் புருவத்தில் பெரியவள் எதையோ கண்டாள். கிட்டே போய்க் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள். வெள்ளையாக, லேசாக. வெளியே வந்து விசிறி மாட்டுகிறவருக்குப் போன் செய்தாள்.

"இருக்கறதே போதுமே, இன்னும் எதுக்கும்மா?" என்றார் அவர்.

"பின்னறைக்கு இன்னொண்ணு வேணும். வந்து பாருங்க."

வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.